கந்தோர் விதிக்குள் வடிவாக உடுப்பது

ஒரே கடையில், ஒரே நிறத்தில் வாங்கிய இரண்டு சாறிகள் ஒரே கந்தோரில் இரண்டு பேரில் இரண்டு விதமாக இருக்கும். ஒன்றைப் பார்த்து "எங்கை எடுத்தனீங்கள்?" என்று கேட்பார்கள். மற்றதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். பிளவுஸின் தோள் தையல் எங்கே நிற்கிறது, உள்பாவாடை எவ்வளவு நீளம், கொய்யகம் எந்த உயரத்தில் செருகப்பட்டிருக்கிறது, இவைதான் வித்தியாசம். ஆண்களின் சேர்ட்டுக்கும் இதே கதைதான்.

எதை உடுக்க வேண்டும் என்று கந்தோர் விதி சொல்லும். அது உடம்பில் எப்படி இருக்க வேண்டும் என்பதை உங்களிடம் விட்டுவிடும். அந்த விட்ட இடத்தில்தான் உங்களுக்கென்று ஒரு பாணி வரும். மாதம் ஒரு சாறி எடுக்கிற காசில் பாதியைத் தையலுக்குக் கொடுத்தால் அலுமாரியில் இருப்பதே புதுசாகத் தெரியும்.

முதலில் விதியைக் கேட்டு வாசியுங்கள்

அரச கந்தோரில் "அங்கை விட்டவை, இங்கை ஏன் விடேல்லை" என்ற வாதம் சரிவராது. உடை பற்றிய சுற்றறிக்கைகள் மாறி மாறி வந்திருக்கின்றன. 2019 மே இறுதியில் இலங்கையின் பொது நிர்வாக அமைச்சு, பெண் அலுவலர்களுக்குச் சாறி அல்லது ஒசரி (கண்டியச் சாறி), ஆண்களுக்கு லோங்ஸும் சேர்ட்டும் அல்லது தேசிய உடை என்று அறிவித்தது. அபாயா அணிகிறவர்களை அது நேராகப் பாதித்ததால் எதிர்ப்பு எழுந்து, பின்னர் திருத்தப்பட்டது. 2022 செப்ரெம்பரில், பொருளாதார நெருக்கடிக்குள், இலகுவான பொருத்தமான உடைக்கு இடம் கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சாறி இல்லாமல் பாடசாலைக்குப் போனபோது கல்வி அமைச்சு அதற்கு இணங்கவில்லை. ஆகவே தாபனக் கிளையில் இப்போது நடப்பிலுள்ள சுற்றறிக்கையைக் கேட்டு, ஒருதரம் முழுதாக வாசியுங்கள். அதில் இல்லாததை "இது கூடாது" என்று சொல்பவர்கள் எல்லாக் கந்தோரிலும் இருப்பார்கள். அவர்களோடு மோதுவதா விடுவதா என்பதைப் பிறகு பார்க்கலாம். எது எழுத்தில் இருக்கிறது, எது வழக்கம் என்று உங்களுக்குப் பிரிந்து தெரிந்தால் போதும்.

தனியார் கந்தோரில் எழுத்து குறைவு, வழக்கம் கூட. வங்கியில் நிறமும் சேர்த்தே குறித்திருப்பார்கள். கணினி நிறுவனங்களில் கொலர் வைத்த ரீசேட்டும் ஜீன்ஸும் ஓடும். சேரும்போதே மூன்று கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: கை எவ்வளவு நீளம் வேண்டும், மூடாத செருப்பு விடுவார்களா, வெள்ளிக்கிழமைக்கு வேறு வழக்கம் உண்டா. முதல் இரண்டு கிழமைக்கு இருப்பதைப் போட்டுச் சமாளித்து, பிறகு தையுங்கள். வேலை கிடைத்த சந்தோசத்தில் ஒரே நாளில் ஆறு பிளவுஸ் தைத்து, ஆறும் கை குட்டையாகிப் போனவர்கள் கனபேர்.

துணி

சித்திரையில் புழுக்கம், சோழகத்தில் காற்றும் புழுதியும், ஐப்பசி கார்த்திகையில் மழை. இந்த மூன்றையும் ஒரே துணி தாங்காது.

நூறு வீதக் கொட்டன் குளிர்ச்சி. ஆனால் கதிரையில் இரண்டு மணித்தியாலம் இருந்து எழும்பினால் மடி முழுக்கச் சுருக்கம். தனிப் பொலியெஸ்ரர் சுருங்காது, ஆனால் வேர்வையை உறிஞ்சாது; பத்து மணிக்கே முதுகில் ஒட்டும். நாள்தோறும் போடும் சேர்ட்டுக்கும் பஞ்சாபிக்கும் கொட்டன் 60 வீதத்துக்குக் குறையாத கலப்புத் துணி நடுவழி. விஸ்கோஸ் கையில் பிடித்தால் நல்ல குளிர்ச்சியாக இருக்கும், விழும் விதமும் வடிவு. நனைந்தால் அதற்குப் பலம் குறையும், தோய்க்கத் தோய்க்க நீளமும் குறையும். முழங்காலுக்குச் சரியாகத் தைத்த விஸ்கோஸ் சட்டை மூன்றாம் தோய்ச்சலில் முழங்காலுக்கு மேலே நிற்பது அதனால்தான். தைக்க முதலே நனையுங்கள், விளிம்பில் இரண்டு அங்குலம் மடித்து விடுங்கள்.

கடையில் துணியைப் பார்க்கும்போது ஒரு மூலையைக் கைக்குள் கசக்கிப் பத்து வரை எண்ணி விடுங்கள். கோடு கோடாக நின்றால் மத்தியானம் உங்கள் மடியிலும் அப்படித்தான் நிற்கும். பிறகு ஒற்றையாகப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். யாழ்ப்பாண நவீன சந்தைக் கடைகளின் மின்குமிழ் வெளிச்சத்தில் தடிப்பாகத் தெரிந்த துணி, கச்சேரி வளவு வெயிலில் கண்ணாடியாகிவிடும்.

பிளவுஸ்: காசைப் போட வேண்டிய இடம்

சாறியின் நீளம் ஐந்தரை மீற்றர். அதில் பார்ப்பவர் கண் நிற்பது தோளிலும் கையிலும்தான். மேசைக்குப் பின்னால் இருப்பவரில் வேறு எதுவும் தெரியவும் தெரியாது.

துணிக் கணக்கு: 36 அங்குல அகலத் துணியில் குட்டைக் கைக்கு 80 சென்ரிமீற்றர், முழங்கை வரைக்கும் என்றால் 1 மீற்றர். மார்பளவு 40க்கு மேலென்றால் இன்னொரு 20 சென்ரிமீற்றர். (துணி மீற்றரில், அளவு அங்குலத்தில். நம் தையல் கடைகள் இரண்டையும் கலந்துதான் பேசும். நீங்களும் அப்படியே பேசுங்கள்.) கொட்டன் என்றால் துணியையும் உள்துணியையும் இரண்டு மூன்று மணித்தியாலம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிட்டு, மினுக்கிக் கொடுங்கள். மீற்றருக்கு மூன்று நான்கு சென்ரிமீற்றர் இழுபடுவது சாதாரணம். உள்துணி சுருங்கி மேல்துணி சுருங்காமல் நின்றால் முன்பக்கம் பொருக்குத் தட்டினது போல நெளியும். அதை எந்த மினுக்கலும் திருத்தாது.

அளவு எடுக்கும் நாளில், வேலைக்குப் போடும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டு போங்கள். மார்பளவுக்கு மேலே ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் தளர்வு. முன்கழுத்து ஐந்தரை, ஆறு அங்குல ஆழம், பின்கழுத்து ஆறு. ஆழத்தை விட அகலம்தான் பிழையாகும் இடம். கழுத்து அகலமாகிவிட்டால் தோள் சறுக்கி, நாள் முழுக்க ஒரு கை அதை இழுத்துக்கொண்டே இருக்கும். கை நீளம் எட்டு முதல் பத்து அங்குலம் எந்தக் கந்தோரிலும் கேள்வி வராத அளவு.

கமக்கட்டுப் பக்கம் இறுக்கமாக இருந்தால் "கை வளைவைக் கொஞ்சம் இறக்கித் தாங்கோ" என்று கேட்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வளைவு கீழே இறங்கினால் கையை உயர்த்தும்போது பிளவுஸ் முழுவதும் சேர்ந்து மேலே வரும், வயிறு தெரியும். வளைவு கமக்கட்டுக்குக் கிட்டவே இருக்க வேண்டும். கூட்ட வேண்டியது கையின் அகலத்தை. இப்படிச் சொல்லுங்கள்: "அக்கா, வளைவு மேலையே இருக்கட்டும். கைச் சுற்றளவுக்கு ஒரு இஞ்சி கூட்டி விடுங்கோ." தைப்பவர் உடனே விளங்கிக்கொள்வார்.

தைத்ததைக் கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்று பார்த்துவிட்டு வாங்கி வராதீர்கள். கதிரையில் இருந்து, ஸ்கூட்டிக் கைபிடியைப் பிடிப்பது போல இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். முதுகு இழுத்தால் பின்பக்கம் அரை அங்குலம் போதவில்லை. பிறகு அலுமாரி மேல்தட்டில் கோவை எடுப்பது போலக் கையை உயர்த்துங்கள். கீழ் விளிம்பு ஒரு அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது. கடைசியாகக் கொக்கிகள்: ஐந்தோ ஆறோ இருக்கும், அதில் ஒன்று மார்பின் மிக அகலமான இடத்துக்கு நேரே விழ வேண்டும். அளவாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு போகிற தையலில் அந்த இடம் இரண்டு கொக்கிக்கு நடுவில் அகப்பட்டு வாய் திறந்து நிற்கும்.

இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஒரு அங்குலத் துணி விடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அதே பிளவுஸைப் பிரித்து விடலாம்.

உங்கள் ரசனையைக் காட்ட வேண்டிய இடமும் இதுதான். ஆனால் ஒரு பிளவுஸில் ஒரு மாற்றம். படகுக் கழுத்து வைத்தால் கையை வெறுமையாக விடுங்கள். கை விளிம்பில் வேறு நிறப் பைப்பிங் ஓட்டினால் கழுத்து சாதாரண வட்டம். பழைய கைத்தறிச் சாறியின் கரையை வெட்டிக் கையில் வைப்பது மிக வடிவு, செலவும் இல்லை; அந்தக் கரையையும் முதலில் நனைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்கல், முதுகில் தொங்கும் குஞ்சம், முத்து எல்லாம் கலியாண வீட்டுக்கு. கதிரைச் சாய்மனையில் மாட்டிக் கிழிவது ஒருபுறம், கோப்பு நீட்டும்போது எதிரில் இருப்பவர் குஞ்சத்தைத்தான் பார்ப்பார்.

எத்தனை வேண்டும்? ஆறு சாறிக்கு நாலு பிளவுஸ் போதும்: கறுப்பு, மருன், சந்தன நிறம், கரும்பச்சை. சாறியோடு வரும் துண்டில் தைத்தால் அது அந்த ஒரு சாறிக்கு மட்டும்தான். குரக்கன் நிறச் சாறிக்குச் சந்தன நிறம், வெங்காய நிறத்துக்கு மருன், மயில் நீலத்துக்குக் கறுப்பு என்று மாற்றிப் போட்டால் ஆறு சாறி பதினைந்து விதமாகும்.

சாறி: ஸ்கூட்டியில் போய் இறங்கும் வரை

முதல் நாள் இரவே தலைப்பின் மடிப்பை எடுத்து மினுக்கி, உடுப்புக் கிளிப் இரண்டு போட்டுத் தொங்கவிட்டால் விடிய பத்து நிமிடம் மிச்சம்.

கட்டத் தொடங்க முதல் செருப்பைப் போடுங்கள். வெறுங்காலில் கட்டிவிட்டுச் செருப்பைப் போட்டால் ஒன்றரை அங்குலம் குறைந்துவிடும். உள்பாவாடை தரையிலிருந்து ஒரு அங்குலம் மேலே. நாடா நைலோனாக இருந்தால் வழுக்கும், இறுக்கிக் கட்டினால் இடுப்பு புண்ணாகும். ஒரு அங்குல அகலக் கொட்டன் நாடா போடுங்கள். உடம்போடு ஒட்டிய மீன்வால் உள்பாவாடை நிற்கும்போது வடிவு. அதைப் போட்டு ஸ்கூட்டியில் கால் வைக்க முடியாது, பஸ் படியும் ஏற முடியாது. பக்கத்தில் வெட்டு வைத்தது கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

ஒரு சுற்றுச் சுற்றிச் செருகியபின் கொய்யகத்துக்கு முன்னமே தலைப்பை முடித்துவிடுங்கள். நாலு அங்குல அகலத்தில் ஐந்து மடிப்பு, பின்னால் முழங்கால் வரை நீளம். தோளில் குத்தும் பின் பிளவுஸின் உள்பக்கத்திலிருந்து மேலே வர வேண்டும். வெளியே உலோகம் தெரியாது, கைப்பை நாடாவும் மாட்டாது. ஜோர்ஜெற், ஷிபோன் போன்ற மெல்லிய துணியில் பின்னை மூட முதல் ஒரு சிறிய மணியைக் கோத்து விடுங்கள். துணி பின்னின் சுருளுக்குள் போய்ச் சிக்கிக் கிழிவதை அந்த மணி தடுக்கும்.

மிஞ்சின துணியில் ஐந்து விரல் அகலக் கொய்யகம் ஆறோ ஏழோ வரும். எண்ணிக்கையை விட, கீழ் விளிம்பு எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பதுதான் முக்கியம். மேலே பிடித்துக்கொண்டு, குனிந்து ஒருதரம் கீழ்முனையை நீவிவிட்டு, பிறகு செருகுங்கள். இடுப்புக்கு ஒரு அங்குலம் கீழே, எல்லா மடிப்பையும் சேர்த்து உள்பக்கமாக ஒரு பின். கொய்யகத்தைத் தொப்புளுக்கு நேரே செருகாமல் ஒரு விரல் இடப்பக்கம் தள்ளினால் நடை இலகு.

சோழகம் வீசும் மாதங்களில் வீதியில் தலைப்புப் பறப்பது வெறும் சங்கடம் மட்டும் இல்லை, ஆபத்து. ஓட்டுகிறவர் தலைப்பைப் பின்னாலிருந்து வலப்பக்கமாக முன்னுக்குக் கொண்டுவந்து இடுப்பில் இடப்பக்கம் செருகி, ஒரு பின்னும் குத்த வேண்டும். பின்னால் ஒருபக்கமாக இருந்து போகிறவர் தலைப்பை மடியில் சுருட்டி வைத்து, அதன்மேல் கைப்பையை வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் சாறிக் காவல் கம்பி கழன்றிருந்தால் அதைப் பூட்டும் வரை அதில் சாறியோடு ஏறாதீர்கள். இறங்கியதும் செருகலை எடுத்து, தலைப்பை ஒருதரம் உதறிவிட்டு உள்ளே போங்கள்.

பட்டுச் சாறியை நாள்தோறும் கட்டுவது வீண். வேர்வை பட்ட சரிகை கறுத்துவிடும்.

பஞ்சாபி, சட்டை, பாவாடை

இவை அனுமதிக்கப்பட்ட கந்தோரில் கவனிக்க இரண்டே விசயம். பஞ்சாபியின் பக்க வெட்டு இடுப்பு எலும்புக்கு நாலு அங்குலம் கீழே தொடங்க வேண்டும். கடையில் வாங்குவதில் கனக்கவற்றில் வெட்டு இடுப்பிலேயே தொடங்கும்; அதை அந்த அளவுக்குத் தைத்து இறக்க ஐந்து நிமிட வேலை. பாவாடையோ சட்டையோ இருக்கும்போது முழங்காலை மூட வேண்டும் என்றால், நிற்கும்போது முழங்காலுக்கு மூன்று நாலு அங்குலம் கீழே இருக்க வேண்டும். சோல் போடுகிறவர்கள் ஒரு தோளில் மட்டும் பின் குத்துங்கள். ஹிஜாப் அணிகிறவர்களுக்கு, மெல்லிய துணிக்குள் கொட்டன் உள்தொப்பி போட்டால் குத்த வேண்டிய பின்கள் பாதியாகக் குறையும், தலைக்கவசம் கழற்றும்போது நழுவவும் நழுவாது.

சேர்ட்டும் லோங்ஸும்

ஆயத்த சேர்ட் எடுக்கும்போது முதலில் தோளைப் பாருங்கள். தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். மற்ற எதையும் தையல் கடையில் குறைக்கலாம், தோளைத் திருத்துவது சேர்ட்டைத் திரும்பத் தைப்பதற்குச் சமன். கொலரைப் பூட்டினால் இரண்டு விரல் போக வேண்டும். இரண்டு பக்கமும் துணியைக் கிள்ளினால் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் வர வேண்டும். மூன்றுக்கு மேல் வந்தால் காற்றில் பலூன். உள்ளே விட்டுப் போடுவதென்றால் பெல்ற்றுக்குக் கீழே ஆறு அங்குலமாவது நீளம் வேண்டும். வெளியே விடத் தைத்த நேர் விளிம்புச் சேர்ட்டை உள்ளே விட்டால், மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்க முதுகுப் பக்கம் வெளியே வந்து நிற்கும்.

தைப்பதென்றால் 58 அங்குல அகலத் துணியில் முழுக்கை சேர்ட்டுக்கு 1.6 மீற்றர், லோங்ஸுக்கு 1.2 முதல் 1.3 மீற்றர். கட்டம் போட்ட துணிக்கு 20 சென்ரிமீற்றர் கூட வாங்குங்கள். முன்பக்க இரண்டு பாதியிலும் பொக்கற்றிலும் கட்டம் சேர்ந்து ஓட வேண்டும் என்று துணி கொடுக்கும்போதே சொல்லுங்கள். சேராத கட்டம் எவ்வளவு விலைத் துணியையும் மலிவாகக் காட்டிவிடும். லோங்ஸின் நீளம் சப்பாத்தின் மேல் விளிம்பைத் தொட்டு ஒரு சிறு மடிப்போடு நிற்க வேண்டும். குதியில் மிதிபடும் லோங்ஸ் நம் ஊரில் ஏனோ ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஐந்து நாள் வேலைக்கு ஆறு சேர்ட், மூன்று லோங்ஸ். லோங்ஸ் கருநீலம், சாம்பல், மண்ணிறம் என்று இருந்தால் எந்தச் சேர்ட்டும் எதோடும் போகும். கறுப்பு லோங்ஸ் நம் வெயிலில் ஆறு மாதத்தில் தவிட்டு நிறமாகும். வேண்டுமென்றால் உள்புறம் வெளியே வரப் புரட்டி நிழலில் காயவிடுங்கள்.

வெள்ளைச் சேர்ட்டுக்குள் வெள்ளைப் பெனியன் போட்டால் அதன் விளிம்பு அப்படியே தெரியும். வெளிர் சாம்பல் நிறம் தெரியாது. கையுள்ள பெனியன் போட்டால் கமக்கட்டு வேர்வை அதில் நிற்கும், சேர்ட்டுக்கு வராது. ரை கட்ட வேண்டிய வேலை என்றால் அதன் நுனி பெல்ற் கொழுக்கியைத் தொட வேண்டும். அரைக்கைச் சேர்ட்டுக்கு ரை கட்டுவது எமக்கு ஒப்பில்லை, ஆனாலும் மின்விசிறி மட்டும் சுழலும் கந்தோரில் அதைக் குறை சொல்லவும் மனம் வராது.

மினுக்கும் முறையில் பாதி வடிவு இருக்கிறது. சேர்ட்டை இலேசான ஈரத்தில் மினுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். முதலில் கொலர். பின்பக்கத்தைப் போட்டு, இரண்டு நுனியிலிருந்தும் நடுவுக்குத் தள்ளுங்கள். நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் மிஞ்சின துணி நுனியில் சேர்ந்து, நாள் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் ஒரு மடிப்பாக நிற்கும். பிறகு தோள், கை மணிக்கட்டு, கை, கடைசியில் உடம்பு. மின்னழுத்தியில் ஒரு புள்ளி ஏறக்குறைய 110 பாகை, இரண்டு 150, மூன்று 200. பொலியெஸ்ரருக்கு ஒன்று, கலப்புக்கு இரண்டு, கொட்டனுக்கும் லினனுக்கும் மூன்று. கறுப்பு, கருநீல லோங்ஸை உள்ளே புரட்டியோ மேலே ஒரு வெள்ளைத்துணி விரித்தோ மினுக்காவிட்டால் முழங்காலிலும் தையலிலும் மினுமினுப்பு ஏறும். அது போகாது.

சின்னச் சாமான்கள்

மணிக்கூடு, தோடு, பெல்ற், கைப்பை. விதியில் இவற்றைப் பற்றி அநேகமாக ஒன்றும் இராது. இவற்றில் ஏதாவது ஒன்றை உங்கள் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் வேறு நிறச் சாறி, ஆனால் எப்போதும் அதே வெள்ளிக் காப்பு என்றால், பார்ப்பவர் மனத்தில் அந்தக் காப்புத்தான் நிற்கும்.

தாலிக்கொடியும் அடையாள அட்டை நாடாவும் ஒன்றோடொன்று சண்டை. கொடி பிளவுஸுக்கு உள்ளே போக வேண்டும். நாடா தட்டையான துணியாக இருக்கட்டும். உலோகச் சங்கிலி நாடா தங்கத்தை உரசும், அதன் கிளிப் கொடியில் மாட்டும். அட்டையைத் தலைப்பில் குத்தினால் பாரத்தில் தலைப்பு முன்னால் தொங்கும். இழுத்து விட்டால் தானே சுருளும் சிறு கொழுக்கி ஒன்றை வாங்கி, வலப்பக்க இடுப்பில் மாட்டிவிடுவது இலகு.

பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் பனையோலைப் பைகள் இருக்கும். கைத்தறிச் சாறிக்கு அவை நன்றாகப் போகும். வாங்கும்போது கைபிடி சேரும் இடத்தைப் பாருங்கள். ஓலையில் மட்டும் தைத்திருந்தால் சாப்பாட்டுப் பெட்டியின் பாரத்தில் பிரியும், உள்ளே துணி வைத்துத் தைத்தது நிற்கும். மாரியில் ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

சப்பாத்து இரண்டு சோடி வைத்து மாற்றிப் போடுங்கள். வேர்வையில் ஊறின தோல் காய ஒரு முழு நாள் வேண்டும். உள்ளே பத்திரிகைத் தாளைச் சுருட்டி வைத்தால் கெதியாகக் காயும். வீடு வீடாகப் போகும் கிராம அலுவலர், சமுர்த்தி அலுவலர் போன்றவர்கள் வாசலுக்கு வாசல் கழற்ற வேண்டியவர்கள். நாடா கட்டும் சப்பாத்து அவர்களுக்குச் சரிவராது. மேஸின் (காலுறையின்) கிழிசலும் அங்கேதான் வெளியே வரும்.

தோய்த்தலும் எங்கள் தண்ணீரும்

குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வருவது. அதிலுள்ள கல்சியம் கட்டிச் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத படிவாகித் துணி இழைக்குள் நிற்கும். வெள்ளை சாம்பலாவதும், நிறம் மங்குவதும், துணி மரத்துப் போவதும் இதனால்தான். கட்டிச் சவர்க்காரத்தைக் கொலருக்கும் கை விளிம்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதற்குச் சலவைத்தூள் பாவியுங்கள். கடைசி அலசலில் பத்து லீற்றர் வாளிக்கு அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விட்டால் படிவு கழன்று வரும், காய்ந்தபின் மணமும் இராது. வெளுப்பான் போட்ட தண்ணீரில் வினாகிரியை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

கமக்கட்டு மஞ்சள் வேறு வியாதி. வேர்வையும், வேர்வையடக்கி மருந்திலுள்ள அலுமினியமும் சேர்ந்து உண்டாவது. அதற்கு குளோரின் வெளுப்பான் போட்டால் மஞ்சள் கூடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பரவொட்சைட்டில் அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, அரை மணித்தியாலம் விட்டு, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துத் தோயுங்கள். வெள்ளைக்கு மட்டும், நிறத்துணியில் வெளிறல் விழும். வேர்வையடக்கி காய்ந்தபிறகு சேர்ட்டைப் போடும் பழக்கம் வந்தால் பாதிக் கறை வரவே வராது.

கொட்டன் சாறிக்குச் சவ்வரிசிக் கஞ்சி: ஒரு மேசைக்கரண்டி சவ்வரிசியை ஒரு லீற்றர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, துணியால் வடித்து, மூன்று லீற்றர் தண்ணீரில் கலந்து முக்குங்கள். வடிக்காமல் விட்டால் கறுப்புக் கரையில் வெள்ளைப் புள்ளி. கஞ்சி போட்ட சாறியை மாரிக்கு அலுமாரியில் மடித்து வைக்க வேண்டாம், பூச்சியும் பூஞ்சணமும் அதைத்தான் தேடி வரும்.

நல்ல வெள்ளை, சந்தன நிறச் சாறிகளை மாரி வரும்வரை வைத்திருந்து பீலித் தண்ணீரில் தோய்க்கலாம். மழை தொடங்கிப் பத்து நிமிடம் கூரைப் புழுதி ஓடட்டும், பிறகு வாளியை வையுங்கள். அந்தத் தண்ணீரில் சலவைத்தூள் வழக்கத்தின் பாதி போதும். முழுதாகப் போட்டால் நுரை அலசி முடியாது.